கோழிக்குத்தான் சொல்ல முடியும்

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நின்று, கயத்தாறு பஸ் போய்விட்டதா என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். போயிட்டு. அல்லது, இந்தா வந்திரும். தெரியாதவர்கள்கூடத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். கேட்டு வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்ப எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மேடம் மட்டும், "நான் வந்ததுக்குப் பொறவு போகல" என்பார். அதற்கு முன்னால் போயிருக்குமோ என்று கேட்டால், "அப்போ நான் இங்கன இல்லையே" என்பார். கேட்டவர் இரண்டடி தள்ளிப் போய் வேறு ஆளைக் கேட்பார்.

அலட்டலுக்காக அப்படிப் பேசுகிறார் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவரால் வேறு மாதிரி பேசவே முடியாது. கண்ணால் பார்த்ததற்கு ஒரு அங்குலம் மேலே அவருடைய நாக்கு ஏறாது. காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது என் மனைவி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, இப்ப எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறாள். "இப்பன்னா, இந்த நிமிஷமா, காலையிலேர்ந்தா?" என்று அந்தக் காய்ச்சலிலும் கேட்டாராம்.

எனக்கு மெயின் பஜார் பக்கம் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. ஒரு நாள் மத்தியானம், ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்று பல்பு கேட்டார். எல்.ஈ.டி. பல்பைப் போட்டுக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். வேறு கம்பெனி போட்டுக் காட்டினேன். அதையும் தொட்டுப் பார்த்தார்.

"சூடு வேணும் அண்ணாச்சி. வெளிச்சம் வேண்டாம்."

இத்தனை வருஷ வியாபாரத்தில், வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லி பல்பு கேட்டவர் அவர் ஒருவர்தான். பரண்மேல் பழைய மஞ்சள் பல்பு ஒரு பெட்டி கிடந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். எதற்கு என்று கேட்டேன். முட்டை பொரிக்க என்றார். வீட்டில் ஸ்டவ் இல்லையா என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஸ்டவ் இருக்கிறது, ஆனால் இது சாப்பிடுகிற பொரிப்பு இல்லை, குஞ்சு பொரிப்பு என்று விளக்கினார். சிரிக்கவில்லை.

பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சொந்த ஊர் புதூருக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமம். வீட்டில் தெலுங்கு. பெட்டி வைக்க, கோழி வளர்க்க மொட்டைமாடியோடு ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் மாடி காலியாக இருந்தது. அப்படித்தான் பல்பு வாங்க வந்தவர் குடிவந்தார்.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்று நான் கேட்டபோது சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போதே அதன் மூளையும் உருவாகிறது. அப்படி உருவாகிற நேரத்தில் உடம்பிலிருந்து மூளைக்குச் சின்னச் சின்னச் சேதிகள் போகின்றன. இப்போ வளரு, இப்போ இதோட சேரு என்று சொல்கிற சேதிகள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் சரக்கு அப்படி ஒரு சேதி. அந்தச் சேதி போகாமல் தடுத்தால், அல்லது பிந்திப் போனால், அந்தக் குஞ்சு பெரிய கோழியான பிறகு ஒன்றைக் கற்றுக்கொள்வதிலும் ஞாபகம் வைத்துக்கொள்வதிலும் வித்தியாசம் இருக்குமா? அதைத்தான் பார்க்கிறாராம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வீடு கட்டும்போது, சுவர் பூசுவதற்கு முன்னால் வயர் போகிற குழாயைப் பதித்துவிட வேண்டும். பூசின பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தால் சுவரை உடைக்க வேண்டியதுதான், அது மாதிரிதானே என்று கேட்டேன். அவர் யோசித்தார். "உதாரணம் நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆனா நிஜம் அவ்வளவு நல்லா இல்ல. இந்த வீடு தன்னைத்தானே கட்டிக்கிடுது, கட்டும்போதே ஆளும் குடியிருக்கு" என்றார். நான் என் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

கடை முட்டையில் குஞ்சு வராது. சேவலோடு சேர்ந்த நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் புதூர்ப் பக்கம் கிராமம் கிராமமாகப் போவார். சேவல் இருக்கா என்று கேட்பதோடு நிற்க மாட்டார். சேவலைக் காட்டச் சொல்வார். ஒரு அம்மா, சேவல் மேய்ச்சலுக்குப் போயிருக்கு என்று சொல்லிவிட, அது திரும்பி வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை என்று அந்த அம்மா சொன்னதை, எந்த வருத்தமும் இல்லாமல் எங்களிடம் சொன்னார். முட்டைகளை உமி நிரப்பிய வாளியில் புதைத்து மினிபஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். வாளியை இறக்கி வைக்கச் சொல்லும் கண்டக்டரிடம், ரோடு குலுங்காது என்று எழுதிக் கொடுத்தால் இறக்கி வைக்கிறேன் என்பார்.

பொரிந்த குஞ்சுகள் முதலில் எதைப் பார்க்கின்றனவோ அதைத் தாயென்று எடுத்துக்கொண்டு பின்னால் போகும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இருட்டுப் பெட்டியில் குஞ்சை வைத்து, ஒரு சின்ன மோட்டாரில் சுற்றுகிற சிவப்புப் பந்தைக் காட்டுவார். மோட்டார் என் கைவேலை. குஞ்சுகள் அந்தப் பந்தை அம்மா என்று நினைத்துக்கொண்டு ஓடும். சேதி தடுக்கப்பட்ட குஞ்சுகள் ஒரு நாள் பிந்திப் பொரியும். அவை பந்தைப் பார்க்கும், பார்த்துக்கொண்டே நிற்கும், பிறகு தூங்கிவிடும்.

ஒரு நாள் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் மக்கர் செய்ய, என்னைக் கூப்பிட்டார். இருட்டில் நான் பெட்டியை நகர்த்தியபோது மூடி திறந்துகொண்டது. ஒரு குஞ்சு டார்ச் வெளிச்சத்தில் என் கால்பக்கம் வந்து விழுந்தது. அன்றிலிருந்து நான் மாடிக்குப் போனால் அது என் காலடியிலேயே ஓடிவரும். பஜார் முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு கோழிக்குஞ்சு என்னை அப்பனாக ஏற்றுக்கொண்டது என்று. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மேடத்துக்கு அந்தப் பெருமை பொறுக்கவில்லை. பொறாமை இல்லை, சந்தேகம். என்னைச் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார். குஞ்சு வரவில்லை. செருப்பைப் போட்டு நடக்கச் சொன்னார். வந்தது. என் மனைவியைக் கூப்பிட்டு என் நீல ரப்பர் செருப்பைப் போட்டு நடக்கச் சொன்னார். அவள் பின்னால் இன்னும் வேகமாக ஓடியது.

"அண்ணாச்சி, அது உங்கள நம்பி வரல. செருப்ப நம்பி வருது" என்றார். ஆறுதலாக ஏதாவது சேர்த்துச் சொல்வார் என்று நின்றேன். எதுவும் இல்லை.

வளர்ந்த கோழிகளுக்கு மொட்டைமாடியில் பரீட்சை நடக்கும். ஒட்டுப்பலகையில் சந்து மாதிரி அடைத்து, கடைசியில் மஞ்சள் கதவு ஒன்று, நீலக் கதவு ஒன்று. நீலத்துக்குப் பின்னால் தின்னக் கம்புத் தானியம். ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு வளையம். மனுஷர்களிடம் தமிழில் பேசுகிறவர் கோழிகளிடம் தெலுங்கில் பேசுவார். ரா, ரா என்று கூப்பிட்டு எடுத்துச் சந்தில் விடுவார். பக்கத்து மாடிகளில் துணி காயப்போட வருகிறவர்கள் துணியை மறந்து நின்று பார்ப்பார்கள். ஆளுக்கொரு கோழியைப் பிடித்துக்கொண்டு, அதுதான் கெட்டிக்காரி என்று சாதிப்பார்கள். சில கோழிகள் இரண்டாம் நாளே நீலக் கதவுக்கு நேராகப் போய்விடும். பிந்திப் பொரிந்தவற்றில் சில, எத்தனை தடவை விட்டாலும் பாதிவழி போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஏன் வந்தோம் என்று மறந்துபோன ஆள் மாதிரி நிற்கும். மாடிகளில் சிரிப்பார்கள். மேடம் சிரித்து நான் பார்த்ததில்லை. பரீட்சை முடிந்ததும் அந்தக் கோழிகளை மடியில் வைத்து, கணக்கில் சேராத கம்பை உள்ளங்கையில் கொடுப்பார்.

பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. பிள்ளைக்கு வயிற்றிலேயே மூளையைக் கூட்டுகிற வழி மாடியில் இருக்கிற மேடத்துக்குத் தெரியும் என்று வாயும் வயிறுமாக இருந்த பெண்கள் வரத் தொடங்கினார்கள். என்ன சாப்பிட்டால் பிள்ளை டாக்டருக்குப் படிக்கும், எந்தப் பாட்டைக் கேட்டால் கணக்கு வரும் என்று கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில். "நான் பாத்தது கோழி. கோழிக்குத்தான் சொல்ல முடியும்." வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் எங்கள் தெரு முழுவதும், மேடம் கர்ப்பிணிகளைக் கோழி சாப்பிடச் சொல்லுது என்று ஆகிவிட்டது. அதை மறுக்கவும் அவரால் முடியவில்லை. சாப்பிட்டால் கெடுதல் என்று அவர் பார்க்கவில்லையே.

கயத்தாற்றில் இருக்கும் என் அக்காவுக்கு இந்த மேடத்தைப் பார்த்த அன்றே ஆகாமல் போய்விட்டது. பொங்கலுக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். மேடம் ஊருக்குப் போயிருந்தார். மாடியில் கொழுத்த கோழி நிற்பதைப் பார்த்த அக்கா, தம்பி வீட்டுக் கோழி என்று நினைத்து ஒன்றைப் பிடித்து அத்தானுக்குக் குழம்பு வைத்துவிட்டாள். மறுநாள் மேடம் வந்தார். விஷயத்தைச் சொல்ல நான் மனைவியை முன்னால் தள்ளிவிட்டேன். அவள்தான் சொன்னாள். ஒரு கோழி என்றால் அவருக்கு மாதக் கணக்கில் உழைப்பு. சத்தம் போடுவார், காலி செய்துகொண்டு போய்விடுவார் என்று நாங்கள் நின்றோம். அவர் அக்காவிடம் போய் மிகவும் மரியாதையாக, "தலைய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

மூளையை எடுத்துப் பார்க்கலாமே என்றுதான் கேட்டார். அக்காவுக்கு அது தெரியுமா? அத்தான் தலையைத்தான் முதலில் தின்றார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா வாயில் அவர் கோழிக்காரி.

அடுத்த வருஷம் எங்களுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தது. மூத்தவன் பிறந்து மூன்று மாதம் தெருவையே தூங்கவிடாதவன். இவள் அப்படி இல்லை. பிறந்த நாளிலிருந்து சத்தமே கிடையாது. எழுப்பினால்தான் பால் குடிப்பாள், குடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். அழுதால் கம்மிய குரலில், பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்ன முனகல். பிரசவம் பார்க்க வந்திருந்த அக்கா, என் மருமக தங்கம், தாயை ஒரு நிமிஷம் படுத்துதாளா பாரு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கண்ணும் உடம்பும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தன. பிரசவம் பார்த்த இடத்தில், காலை வெயிலில் காட்டுங்கள், போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். வாரம் இரண்டு தாண்டியும் போகவில்லை. நிறமே அப்படித்தான் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

மேடம் சட்டைத்துணி வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்தார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் எலுமிச்சம்பழம் கேட்டு வந்தார். பழத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த நாள் ஊசிநூல். அடுத்த நாள் எதையும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. நேராக வந்து, பிள்ளைக்கு வெளிக்குப் போவது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் என்று என் மனைவி சொன்னாள். அக்காவுக்கு வந்ததே கோபம். கல்யாணம் காட்சி ஆகாத பொம்பளை, பச்சப்பிள்ளை பீயைப் பற்றி என்ன விசாரணை என்று உள்ளே வந்து என்னிடம் குதித்தாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை, கோழிக்காரி கண்ணு வைத்துவிட்டாள் என்பதில். அக்கா மிளகாய் வத்தலும் உப்பும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மேடம் மறுபடியும் வாசலில் வந்து நின்றார். அக்கா கையில் இருந்ததை உற்றுப் பார்த்தார். "அது என்ன உப்பு? பாக்கெட்டா, தூத்துக்குடி வண்டியில வாற கல்லுப்பா?" என்றார். அக்கா சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தைராய்டு சுரப்பிக்கு வேண்டிய அயோடின் உப்பில் இருக்கிறதா, வயிற்றில் பிள்ளை இருந்தபோது என் மனைவி எந்த உப்பைச் சாப்பிட்டாள் என்பதற்காக அவர் கேட்டார் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில், திருஷ்டிக்குக்கூட நல்ல கம்பெனி உப்பு வேண்டுமாக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, மேசைமேல் கிடந்த ஒரு சுவிட்சைப் போட்டு, அணைத்து, போட்டு, அணைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் டாக்டர் இல்ல. மனுஷனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இது தப்பாத்தான் இருக்கும்னு நாலு நாளா எனக்கு நானே சொல்லிப் பாக்குதேன்."

நான் எழுந்து நின்றேன்.

"என் குஞ்சுகளும் இப்படித்தான் சத்தமில்லாம இருந்துச்சு. முதல்ல நானும் நல்ல குஞ்சுன்னுதான் நெனச்சேன்."

அவர் வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பலகைச் சந்தில் பாதிவழியில் சுவரைப் பார்த்து நிற்கிற கோழிகளை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். மனுஷப் பிள்ளைக்கும் பிறந்து இரண்டு மூன்று வருஷம்வரை மூளை வளர அந்தச் சேதி கட்டாயம் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, சுரப்பி சரியில்லாவிட்டால் மாத்திரையாகக் கொடுக்கலாம், ஆனால் பிந்தக் கூடாது, இன்றைக்கே போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். தப்பாக இருந்தால் பிள்ளைக்கு ஒரு ஊசிக்குத்து வீண், உங்கள் அக்கா என்னை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்வார்கள், நான் போய்விடுகிறேன் என்றார். ஷட்டரை இறக்கினேன்.

வீட்டில் அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கோழி பார்க்கிறவள் பேச்சைக் கேட்டு இருபது நாள் பிள்ளையைத் திருநெல்வேலிக்கு வெயிலில் தூக்கிக்கொண்டு போவாயா என்றாள். நான் அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது, என் மனைவி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"மூத்தவன் குடிச்ச மாதிரி இவ குடிக்கல மதினி. எனக்கு மாரு கட்டி வலிக்குது. நல்ல பிள்ள, நல்ல பிள்ளன்னு எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் யார்ட்டயும் சொல்லல."

அக்கா வழிவிட்டாள். வழிவிட்டதோடு, தானும் வருவேன் என்று வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள். மேடம் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

குழந்தை டாக்டர் வயதானவர். பிள்ளையின் நாக்கை, தொப்புளை, கண்ணை எல்லாம் பார்த்தார். ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு, இதை யார் சந்தேகப்பட்டுக் கூட்டி வந்தது என்று கேட்டார். நான் மேடத்தைக் காட்டினேன். நீங்க டாக்டரா என்றார். இல்லை, மாடி வீடு என்றார் மேடம். எதை வைத்துச் சந்தேகப்பட்டீர்கள் என்றார் டாக்டர்.

"கோழி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க எல்லாரும் மறுபடி போனோம். சுரப்பி பேருக்குத்தான் இருந்தது, சரக்கு அநேகமாக இல்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். தினம் காலையில் பொடித்து, தாய்ப்பாலில் குழைத்து, கரண்டியில் கொடுக்க வேண்டும். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், இந்த விஷயத்தில் ஒவ்வொரு வாரமும் முக்கியம், நன்றாக வருவாள் என்று நம்பலாம் என்றார். எனக்கு அந்த 'நம்பலாம்' போதவில்லை. திரும்பி வரும்போது காரில் மேடத்திடம் கேட்டேன், மற்றப் பிள்ளைகள் மாதிரி இவளும் படிப்பாளா, பேசுவாளா என்று.

அவர் யோசித்தார். வண்டி ஒரு ஊரைக் கடக்கிற அளவுக்கு யோசித்தார். "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நல்லா இருப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் நோகுமா என்று கேட்டேவிட்டாள். எனக்கும் அந்த நேரத்தில் அவர்மேல் கோபம்தான். பஸ் வருமா என்று கேட்கிறவனுக்குச் சொல்கிற பதிலைப் பெற்ற தகப்பனுக்குச் சொல்லலாமா? மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரோடு நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவர் தோளில் வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மாத்திரை நேரத்துக்கு மேடம் கீழே வந்து நிற்பார். அக்காதான் பொடிப்பாள். ஓரத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் மேடம் விரலால் காட்டுவார். அக்கா முறைத்துக்கொண்டே வழித்துக் கொடுப்பாள். ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி மறுபடி திருநெல்வேலிக்குப் போனபோதெல்லாம் அவரும் வந்தார்.

ஒரு நாள் பகல் வியாபார நேரத்தில் என் மனைவி போன் செய்தாள். ஏதும் பேசவில்லை. போனை எங்கேயோ நீட்டிப் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. மூத்தவன் அழுததெல்லாம் ஒரு அழுகையே இல்லை என்று சொல்லும்படியாக ஒரு கத்தல் கேட்டது. கடையில் வயர் வாங்க வந்தவர், என்ன அண்ணாச்சி, வீட்டுல ஏதும் பிரச்சினையா என்று பதறிவிட்டார். வயரை அளக்காமல் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தெரு தூக்கத்தை மறந்தது. அக்கா, என் தங்கத்தை இப்படிக் கெடுத்துட்டாளே கோழிக்காரி என்று எல்லாரிடமும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்குக் கிளம்பிய அன்று அக்கா மாடிக்கு ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்தனுப்பினாள். திறந்து பார்த்தால் கருவாடு. கோழியில்லாத குழம்பாக யோசித்து வைத்திருக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்து மேடத்துக்கு வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வந்த அவருடைய மாணவி ஒருத்தி சொல்லித்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. கோழிப் பரீட்சை தொடங்கிவிட்டால், நடுவில் ஒரு நாள் விட்டாலும் அந்தக் கூட்டம் முழுவதும் கணக்கில் சேராதாம். திருநெல்வேலிக்குப் போன நாட்களில் பரீட்சை நடக்கவில்லை. அந்தக் கோழிகளை எல்லாம் தள்ளிவிட்டு முட்டையிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். பட்டம் ஒரு வருஷம் பிந்திவிட்டது. எங்கள் வீட்டுக்குள் தினமும் வந்துபோன மனுஷி, இதை மட்டும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாணவியை வைத்துக்கொண்டே அதைக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கிளாஸ் டீச்சர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை ஓயாமல் பேசுகிறாள். பக்கத்தில் யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. தனியாக உட்கார வைத்தால் சுவரோடு பேசுகிறாள். போன வருஷம் பிள்ளைகளை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயில் காட்டுகிறேன் என்று டீச்சர் வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் எல்லாம் மறந்துவிட்டார்கள், டீச்சரும் மறந்துவிட்டார். இவள் மட்டும் மறக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்புக்கு வந்த நேரமாகப் பார்த்து எழுந்து நின்று, டீச்சர் எந்தக் கிழமை சொன்னார், அப்போது என்ன கலர் சேலை கட்டியிருந்தார் என்பதுவரை சொல்லியிருக்கிறாள்.

"வீட்டுல பிள்ளையக் கண்டிக்கவே மாட்டீங்களா சார்?" என்றார் டீச்சர்.

தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் கண்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பைக்கை ஸ்டார்ட் செய்யவில்லை. கேட் பக்கம் நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் போட்டு, டீச்சர் சொன்ன புகாரை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கேன் அண்ணாச்சி" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "முதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா."